இடுக்கு விழாத வளைவு

சதுர மேசை செய்யும்போது பொருத்துகளைச் சோதிக்க மூலைமட்டம் ஒன்றே போதும். சட்டத்தின் முனை நேராக அறுபட்டிருக்கிறதா, கால் செங்குத்தாக நிற்கிறதா என்பதை வைத்துப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். வட்ட மேசையில் அந்த வசதி இல்லை. மேல்பலகைக்கு அடியில் கால்களை இணைத்து ஓடும் சட்டம் வில்லாக வளைந்திருக்கும். மட்டத்தை வைத்துப் பார்க்க அதில் நேர்ப்பக்கமே கிடையாது.

இரண்டு வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வேண்டுமானால் இரண்டின் ஆரமும் ஒன்றாக இருக்க வேண்டும். 500 மி.மீ. ஆரத்தில் குடைந்த கட்டைக்குள் 510 மி.மீ. ஆரத்தில் இழைத்த கட்டையை வைத்தால், முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டாலும் கால்வட்ட நீளத்துக்கு நடுவில் 4 மி.மீ. இடைவெளி விழும். அரை மில்லிமீட்டர் இடுக்கே கண்ணில் படும்; பாலிஷ் ஏறிய பிறகு அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இதற்குத் தச்சுத் தொழில் கண்டிருக்கும் வழி எளிமையானது. வளைவை நேரானவற்றைக் கொண்டே அளக்க வேண்டும்: வட்டத்தின் மையம், ஆரக்கோடு, கட்டையின் தட்டையான முகம். பொருத்துகளைக் கட்டை நேராக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். வளைவு கடைசியில் வர வேண்டும். 1200 மி.மீ. விட்டமுள்ள மேல்பலகை, 60 மி.மீ. சதுரக் கால்கள் நான்கு, 500 மி.மீ. வெளி ஆரமும் 25 மி.மீ. கனமும் 90 மி.மீ. உயரமும் கொண்ட வளைசட்டம் ஆகியவை உள்ள ஒரு மேசையை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு படியும் விளங்கும்.

முழு அளவு வரைபடம்

சிறிதாக்கிய வரைபடத்தை வைத்து வளைவு வேலை செய்ய முடியாது. மேசையை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அதை அதே அளவில் ஒரு பிளைவுட் பலகையில் வரைய வேண்டும். குறைந்தது கால்பங்கு வட்டமாவது இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய வட்டத்துக்குக் கவராயம் எட்டாது. ஒரு மெல்லிய ரீப்பரின் ஒரு முனையில் ஆணியும், அதிலிருந்து 500 மி.மீ. தள்ளி ஒரு துளையில் பென்சிலும் பொருத்தினால் போதும். நூலைக் கட்டி வரைந்தால் நூல் இழுபடும். வட்டம் வட்டமாக இராது.

சட்டத்தின் உட்கோட்டை வரையும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். வெளிக்கோட்டுக்கு ஒரு டெம்ப்ளேட் வெட்டி வைத்துக்கொண்டு, அதையே 25 மி.மீ. உள்ளே நகர்த்தி உட்கோட்டையும் வரைந்துவிடுகிறார்கள். நடுவில் கனம் 25 மி.மீ. வரும். கால்வட்டத்தின் முனைகளிலோ அது ஏறத்தாழ 17.7 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். கனம் சீராக இருக்க வேண்டுமானால் அதே மையத்தில் ஆணியை வைத்து 475 மி.மீ. ஆரத்தில் இரண்டாவது வில்லை வரைய வேண்டும். உள்வளைவும் வெளிவளைவும் ஒரே மையத்தைச் சேர்ந்தவை. ஒரே ஆரத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஏற்கெனவே இருக்கும் வளைவுக்குப் புதிய கட்டை செய்ய வேண்டியிருந்தால் முதலில் அதன் ஆரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வளைவின் இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு நேர்க்கோலை வைத்தால் அது நாண். நாணின் நடுவிலிருந்து வில் எவ்வளவு உயரம் எழுகிறது என்று அளக்க வேண்டும். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். நாண் 600 மி.மீ., உயரம் 100 மி.மீ. என்றால் 450உடன் 50ஐக் கூட்ட, ஆரம் 500 மி.மீ.

நார் ஓட்டமும் துண்டுகளின் எண்ணிக்கையும்

நேரான பலகையிலிருந்து வளைவை அறுத்தெடுப்பதே பழைய முறை, இன்றும் பரவலான முறை. அதில் உள்ள குறை, மரத்தின் நார் வளைவோடு திரும்பாது என்பதுதான். கால்வட்டத் துண்டின் நடுவில் நார் சட்டத்தின் நீளத்தோடு ஓடும். முனைகளிலோ 45 பாகைச் சரிவில் சட்டத்தைக் குறுக்கே கடந்துவிடும். அந்த இடத்தில் கட்டை எளிதாக முறியும். வட்டத்தை ஆறு துண்டுகளாக்கினால் முனையில் நாரின் சரிவு 30 பாகையாகக் குறையும், எட்டாக்கினால் 22.5 பாகை.

மரச் செலவும் இதைப் பொறுத்ததே. 25 மி.மீ. கனமுள்ள சட்டத்தைக் கால்வட்டத் துண்டுகளாக அறுக்க 164 மி.மீ. அகலப் பலகை வேண்டும். ஆறு துண்டு என்றால் 89 மி.மீ. போதும், எட்டு என்றால் 61 மி.மீ. துண்டுகள் கூடக்கூட வலுவும் கூடும், சேதாரமும் குறையும். ஆனால் பொருத்துகளின் எண்ணிக்கையும் கூடிவிடும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டைகள் இந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன. சக்கரத்தின் வெளிவட்டம் ஒரே கட்டையாக இருப்பதில்லை. பலகையிலிருந்து அறுத்த வில் துண்டுகள் முனையோடு முனை சேர்ந்து, ஆரக்கால்கள் தாங்க, வட்டமாக நிற்கின்றன. காய்ச்சி மாட்டிய இரும்புப் பட்டை ஆறும்போது சுருங்கி எல்லாப் பொருத்துகளையும் ஒருசேர இறுக்குகிறது. கலப்பைக்கு இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி எடுத்ததற்கும் காரணம் நார்தான். அந்தக் கிளையில் நார் வளைவோடு சேர்ந்தே வளர்ந்திருக்கும்.

மேசைச் சட்டத்தில் இரும்புப் பட்டைக்கு இடமில்லை. அதனால் 90 மி.மீ. உயரத்தை 30 மி.மீ. வீதம் மூன்று வரிசைகளாகப் பிரித்து, செங்கல் சுவர் எழுப்புவதுபோல ஒரு வரிசையின் பொருத்துக்கு மேல் அடுத்த வரிசைத் துண்டின் நடுப்பகுதி வரும்படி ஒட்டுவார்கள். பொருத்து எதுவும் தனியே பாரம் தாங்காது. வெளிமுகத்தில் ஒட்டுகள் தெரியாதிருக்க மெல்லிய வெனீர் ஒட்டப்படும்.

வளையத்தைத் துண்டுகளால் கட்டும்போது சிறு பிழையும் பெருகிவிடும். எட்டுத் துண்டு வளையத்தில் ஒவ்வொரு முனையும் 22.5 பாகையில் அறுபட வேண்டும். ஒரு வெட்டில் அரைப் பாகை பிசகு இருந்தால் பதினாறு வெட்டுகளுக்கு 8 பாகை. கடைசித் துண்டு சேராது, அல்லது உள்ளேயே நுழையாது. இதைத் தவிர்க்க நான்கு நான்காக ஒட்டி முதலில் இரண்டு அரைவளையங்கள் செய்யப்படுகின்றன. காய்ந்த பிறகு ஒவ்வொரு அரைவளையத்தின் இரு முனைகளையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி இழைத்து, பிறகு இரண்டையும் சேர்த்தால் திரண்ட பிழை அங்கேயே கழிந்துவிடும்.

மெல்லிய தகடுகளை ஒட்டி வளைத்தல்

நார் முழுவதும் வளைவோடு ஓட வேண்டுமானால் மரத்தை வளைத்தாக வேண்டும். 25 மி.மீ. கட்டை கையால் வளையாது, 2.5 மி.மீ. தகடு வளையும். பத்துத் தகடுகளுக்கு இடையே பசை தடவி, வளைந்த அச்சின் மீது வைத்து, இறுக்கிகளால் பிடித்துக் காயவிட்டால் அவை ஒரே கட்டையாகிவிடும். 475 மி.மீ. உள் ஆரத்துக்கு அச்சும் 475 மி.மீ. ஆரத்தில் இருக்க வேண்டும். இறுக்கும்போது நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கிப் போக வேண்டும். முனைகளை முதலில் பிடித்தால் நடுவில் தகடுகள் புடைத்துக்கொண்டு காற்று தங்கும்.

அச்சிலிருந்து எடுத்ததும் கட்டை சற்று நிமிரும். நிமிர்வு எவ்வளவு என்பது தகடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வில்லின் உயரத்தைத் தகடு எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்தால் தோராய அளவு கிடைக்கும். 500 மி.மீ. ஆரமுள்ள கால்வட்டத்தின் வில் உயரம் 146 மி.மீ.; பத்துத் தகடு என்றால் நிமிர்வு ஒன்றரை மி.மீ. அளவே. ஐந்து தகடு என்றால் ஆறு மி.மீ.யை நெருங்கிவிடும். அச்சை அந்த அளவு கூடுதலாக வளைத்துச் செய்வதும், தகடுகளை மெல்லியதாக்குவதும் இதற்கு மாற்று.

பசையும் முக்கியம். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சற்று நெகிழும். தொடர்ந்து விசை தாங்கினால் தகடுகள் மெல்ல வழுகும். யூரியா ஃபார்மால்டிஹைடு, எபாக்ஸி போன்ற விறைப்பான பசைகளே இந்த வேலைக்கு உகந்தவை. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. இழைத்து நாளாகிவிட்டால் மேற்பரப்பில் எண்ணெய் படிந்து பசை பிடிக்காது. ஆகவே தேக்குத் தகடுகளை இழைத்த உடனே ஒட்டிவிட வேண்டும், அல்லது அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

ஆவியில் வளைத்தல்

ஈரமும் சூடும் சேர்ந்தால் மரத்தின் செல்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகும். மூடிய பெட்டிக்குள் 100 பாகை செல்சியஸ் ஆவியில், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவைத்தால் கட்டை வளையத் தயாராகும். வெளியே எடுத்த பிறகு அவகாசம் சில வினாடிகளே. அச்சும் இறுக்கிகளும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

வெந்த மரம் நசுங்கத் தாராளமாக இடம் கொடுக்கும். நீள மட்டும் மறுக்கும். ஒன்று அல்லது இரண்டு சதவீதத்துக்கு மேல் இழுத்தால் வெளிப்புற நார் கிழியும். 25 மி.மீ. கட்டையை 475 மி.மீ. அச்சில் வளைக்கும்போது வெளிமுகம் உள்முகத்தைவிட 5 சதவீதத்துக்கு மேல் நீளமாக இருந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாதி நீட்சியாலும் பாதி நசுக்கத்தாலும் ஈடுகட்டினாலே வெளிமுகம் தாங்காது. அதனால் வெளிமுகத்தில் ஒரு மெல்லிய எஃகுப் பட்டையைப் படியவைத்து, இரு முனைகளிலும் தடைக்கட்டைகளால் கட்டையை நெருக்கிப் பிடிக்கிறார்கள். பட்டை நீளாது, எனவே மரமும் நீள முடியாது. வேறுபாடு முழுவதும் உள்முகத்தின் நசுக்கமாக மாறிவிடும்.

இந்த உத்தியைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர் மிக்காயேல் தோனெட். ரைன் நதிக்கரை ஊரான போப்பார்டில் 1796இல் பிறந்து வியன்னாவில் குடியேறியவர் அவர். பீச் மரத் தண்டுகளை ஆவியில் வேகவைத்து, உலோகப் பட்டை கட்டி, இரும்பு அச்சுகளில் வளைத்து உலரவிட்டார். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத் துண்டுகளும் பத்துத் திருகுகளும் இரண்டு மரைகளும் மட்டுமே கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். சேருமிடத்தில் எந்தத் துண்டை எடுத்து எதனோடு பூட்டினாலும் பொருந்தியது. ஒவ்வொரு வளைவும் ஒரே மாதிரியான அச்சில் வளைந்து, அங்கேயே உலர்ந்து, பிறகே அச்சைவிட்டு வந்ததுதான் காரணம்.

முதலில் பொருத்து, பிறகு வளைவு

எந்த முறையில் வளைத்தாலும் சட்டம் காலோடு சேருமிடம் தட்டையான முகம்தான். அறுத்தெடுக்கும் சட்டமானால் பலகை நீள்சதுரமாக இருக்கும்போதே இரு முனைகளையும் 45 பாகையில் அறுத்துவிடலாம். முனை முகத்தில் துளையும் போட்டுவிடலாம். பலகையின் நேர்விளிம்பு அப்போது கைவசம் இருக்கும். மட்டம் வைக்கலாம், வேலைமேசையில் படியவைத்துப் பிடிக்கலாம். வளைவை அறுத்த பிறகு அந்த விளிம்பு போய்விடும். ஒட்டி வளைத்த சட்டத்துக்கு அந்த வசதி இல்லாததால், அச்சையே தொட்டிலாகப் பயன்படுத்தி, சட்டத்தை அதில் வைத்தபடியே முனைகளை அறுக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சட்டத்தின் முனை வட்டத்தின் ஆரக்கோட்டில் அறுபட வேண்டும் என்று தோன்றும். ஆனால் காலுக்கு 60 மி.மீ. அகலம் இருக்கிறது, அதன் பக்கம் மையக்கோட்டிலிருந்து 30 மி.மீ. தள்ளி, மையக்கோட்டுக்கு இணையாக நிற்கிறது. அந்த இடத்தின் ஆரக்கோடு காலின் பக்கத்துக்கு இணையாக இராது; ஏறத்தாழ 3.4 பாகை விலகியிருக்கும். ஆரக்கோட்டில் அறுத்தால் சட்டத்தின் உள்மூலை முதலில் காலைத் தொடும்; வெளிப்புறத்தில், பார்ப்பவர் கண்ணுக்கு நேரே, ஒன்றரை மி.மீ. வாய் திறந்து நிற்கும். முழு அளவு வரைபடத்தில் காலையும் சேர்த்து வரைய வேண்டியது இதற்காகவே. அறுக்கும் கோணத்தைக் கணக்கிலிருந்து எடுக்காமல் வரைபடத்தின் மீது கோணமட்டத்தை வைத்து எடுத்தால் இந்தப் பிழை வராது.

முனையிலேயே கழுந்து, அதாவது காலின் துளைக்குள் செருகும் நாக்கு, விட்டால், அறுத்தெடுத்த சட்டத்தில் அதன் நார் சரிவாகப் போய் அது உடைந்துவிடும். ஆகவே சட்டத்தின் முனையிலும் காலிலும் துளையிட்டு, நார் நேராக ஓடும் தனிக் கழுந்து ஒன்றை இரண்டுக்கும் நடுவே செருகுவதே நல்லது. கழுந்தின் கனம் சட்டக் கனத்தில் மூன்றில் ஒன்று, அதாவது 8 மி.மீ. இரு சட்டங்களின் கழுந்துகள் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து காலுக்குள் வருவதால், ஒவ்வொன்றும் 25 மி.மீ. ஆழம் போனால் நடுவில் சற்றே இடம் மிஞ்சும்.

கோடு வரை இழைத்தல்

பொருத்துகள் முடிந்த பிறகே வளைவை அறுக்க வேண்டும். பேண்ட்சாவோ கைரம்பமோ, கோட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். அறுபட்டு விழும் துண்டுகளை எறிந்துவிடக் கூடாது. சட்டத்தை இறுக்கும்போது வளைவுக்கு அணையாக வைக்க அவையே பயன்படும்.

மிச்சத்தை இழைப்பதில் நாரின் போக்கே வழிகாட்டி. வெளிவளைவில் நடுமேட்டிலிருந்து இரு முனைகளை நோக்கியும், உள்வளைவில் முனைகளிலிருந்து நடுப்பள்ளத்தை நோக்கியும் இழைக்க வேண்டும். எதிர்த்துப் போனால் நார் பிளந்து சிலும்பு எழும். தட்டையான அடி கொண்ட இழைப்புளி உள்வளைவில் உட்காராது. இருபுறமும் கைப்பிடியும் குட்டையான அடியும் கொண்ட சிறு இழைப்புளி அங்கே தேவை.

ஒரே மாதிரி நான்கு சட்டங்கள் வேண்டுமானால் ரவுட்டரே வசதி. ஒரே ஒரு டெம்ப்ளேட்டை மட்டும் பொறுமையாக இழைத்து, அதைச் சட்டத்தின் மீது பொருத்தி, பேரிங் பூட்டிய பிட்டை அதன் விளிம்பில் ஓடவிட்டால் நான்கும் ஒன்றுபோல வரும். டெம்ப்ளேட்டில் உள்ள மேடுபள்ளமும் நான்கிலும் அப்படியே பதியும். ஆகவே உழைப்பை அங்கே செலவிடுவதுதான் சிக்கனம். பேரிங்கின் விட்டமும் பிட்டின் விட்டமும் சமமாக இருந்தால்தான் வளைவு டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகும்.

வளைவு சீராக இருக்கிறதா என்பதைக் கண்ணைவிட விரல் நுனி நன்றாகச் சொல்லும். இரண்டு வளைவுகள் ஒன்றோடொன்று சேர வேண்டிய இடத்தில், ஒன்றில் சாக்கட்டியைப் பூசி மற்றொன்றில் அழுத்தித் தேய்த்தால் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டும். அந்த இடங்களை மட்டும் சீவி, மீண்டும் பூசிப் பார்க்க வேண்டும். வெள்ளை பரவலாகப் படிந்தால் பொருத்து முடிந்தது.

உருண்டைக் காலில் உட்காரும் சட்டம்

கடைசல் கால் வைத்த மேசையில் சட்டத்தின் முனை உருண்டையான பரப்பைத் தொட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சட்டம் சேரும் இடத்தில் காலைச் சற்றுத் தட்டையாகச் செதுக்கிவிடுவது எளிய வழி. காலின் உருண்டை கெடக் கூடாது என்றால் சட்டத்தின் முனையைக் குடைய வேண்டும். இப்போது வளைவைப் படியெடுக்கும் விதி மாறுகிறது. சட்டம் காலை நோக்கி ஒரே திசையில் நகர்ந்து சேர்வதால், காலின் வளைவைச் சட்டத்தில் வரையும் கவராயத்தின் இரு முனைகளும் அந்தத் திசையிலேயே இருக்க வேண்டும். வளைவுக்குச் செங்குத்தாக அதைத் திருப்பிக்கொண்டே போனால் கோடு காலின் ஆரத்தோடு ஒத்துப்போகாது. சட்டக் கனத்துக்கு ஒரே மையத்திலிருந்து இரண்டு வில் வரைந்ததற்கு இது நேர் எதிர்: கனம் சீராக இருக்க ஆரத்தின் வழியே அளக்க வேண்டும், ஒட்டி உட்கார நகரும் திசையில் அளக்க வேண்டும்.

கோடு போட்டபின் அரைவட்ட உளியால் குடையும்போது, விளிம்பில் கோட்டோடு நின்று, உட்புறத்தைச் சற்றுக் கூடுதலாகக் குடைந்துவிடுவது வழக்கம். கண்ணில் படும் விளிம்பு மட்டும் காலைத் தொடும். உள்ளே ஏதேனும் மேடு தடுக்கும் என்ற கவலை இராது.

ஒட்டுதலும் மேல்பலகையும்

பசை பூசும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பூட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த பரப்பில் இறுக்கி வழுக்கும். ஆகவே ஒருபுறம் சட்டத்தின் வளைவோடும் மறுபுறம் இறுக்கியின் வாய்க்கு இணையாகவும் உள்ள அணைக்கட்டைகளை வைத்துத்தான் இறுக்க வேண்டும். வளையம் முழுவதையும் ஒரே சமயத்தில் இறுக்க, துணிப்பட்டை இறுக்கியோ கயிறோ போதும். கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் எல்லாப் பக்கமும் ஒரே விசை விழும். எதிரெதிர்க் கால்களுக்கு இடையே இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாக இருந்தால் காயவிடலாம்.

மேல்பலகையை வளைசட்டத்தின் மீது அசையாமல் ஒட்டிவிடக் கூடாது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும்; நீளவாக்கில் அநேகமாக மாறாது. 1200 மி.மீ. வட்டப் பலகை அகலத்தில் அரை சதவீதம் சுருங்கினாலே 6 மி.மீ. குறையும். மழைக்காலத்தில் செய்து குளிரூட்டிய அறையில் போட்ட மேசையில் இது நடக்கக்கூடியதே. வட்டம் மெல்லிய நீள்வட்டமாகிவிடும். சட்டத்திலோ நார் பெரும்பாலும் வட்டத்தைச் சுற்றி ஓடுவதால் அதன் சுற்றளவு அநேகமாக மாறாது. எனவே சட்டத்தின் உட்புறக் காடியில் மாட்டும் மரப் பிடிகளாலோ, நீள்துளை வழியே போடும் திருகுகளாலோ பலகையைப் பிடிக்க வேண்டும். பலகை நகரும் திசையில் துளையின் நீளம் இருக்க வேண்டும். கட்டை மரப் பலகையைச் சுற்றி வளைந்த விளிம்புப் பட்டி ஒட்டினாலும் இதே சிக்கல்தான். பலகை சுருங்கும்போது பட்டி பொருத்தில் பிளக்கும். அத்தகைய பட்டி வேண்டுமென்றால் மேல்பலகை பிளைவுட்டாக இருக்க வேண்டும். அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையிலும் அது பெரிதாக அசையாது.